விமானியும் தொழிலாளிதான்!

ஆகாய விமானம் ஓட்டுகிறவனுக்கும் பழனி அடிவாரத்தில் ஜட்கா ஓட்டுகிறவனுக்கும் என்ன உறவு? கேட்கலாம். பழனியில் விமான நிலையம் கிடையாது. ஒருபுறம் கோவை, மறுபுறம் மதுரை. எந்தப் பக்கம் போவதென்றாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் குலுங்கித்தான் போகவேண்டும். நம்மூர் மக்கள் விமானத்தைப் பார்ப்பதெல்லாம் கழுத்தை நிமிர்த்தி, கண்ணுக்கு மேல் கையை வைத்துத்தான்!

ஆனாலும் எழுதுகிறோம். காரணம் உண்டு, தோழர்களே.

2016-ல் மத்திய சர்க்கார் ‘உடான்’ என்றொரு திட்டத்தை அறிவித்தது. சிற்றூர்களுக்கும் விமானம், ஒரு மணி நேரப் பறப்புக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்புடன் சில இருக்கைகள் என்றார்கள். 2017 ஏப்ரல் 27-ல் சிம்லாவில் முதல் விமானத்தை அனுப்பி வைத்தபோது, ஹவாய் செருப்புப் போட்டவனும் இனி விமானத்தில் ஏறலாம் என்று பிரதமர் முழங்கினார். கைதட்டல் கேட்டது. மகிழ்ச்சி!

நாம் கேட்பது வேறு கேள்வி. செருப்புப் போட்டவன் ஏறலாம், சரி. அவன் பிள்ளை ஓட்டலாமா?

திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் அரம் பிடிப்பவர், தோல்ஷாப்பில் வேகிறவர், நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிக் கூடை இறக்குபவர் — இவர்கள் வீட்டுப் பிள்ளை, விமானத்தின் முன்னறையில் வலப்பக்க நாற்காலியில் போய் உட்கார முடியுமா? உட்கார்ந்தால் அவனுக்கு அங்கே என்ன காத்திருக்கிறது? பையன் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். பெண் விமானிகளின் விகிதத்தில் இந்தியா உலகச் சராசரியைவிட வெகு தூரம் முன்னே நிற்கிறது. ஆகவே நம் வீட்டுப் பெண்ணுக்கும் இதே கேள்விதான்.

எந்த விமானம்?

பெரிய ஊர்களுக்குப் போகும் ஜெட் விமானத்தைப் பற்றி இங்கே பேசவில்லை. சேலம், தூத்துக்குடி போன்ற ஊர்களுக்கு வருகிறதே, இறக்கைக்குக் கீழே இரண்டு பெரிய விசிறிகள் சுழல — அதுதான் ஏ.டி.ஆர். ரகம். எழுபது, எழுபத்தெட்டுப் பேர் ஏறலாம். சேலத்துக் கமலாபுரத்தில் 1993-ல் திறந்த நிலையம் நெடுங்காலம் தூங்கிக் கிடந்தது. 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் வந்தது, பிறகு நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. வட்டாரச் சேவை என்றால் இப்படித்தான்: வரும், நிற்கும், மீண்டும் வரும். அதை நம்பி வேலைக்குச் சேருகிறவனின் வாழ்வும் அதனோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

புதிதாக வந்த விமானிக்குப் பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறு விமானமே பள்ளிக்கூடம். குட்டையான ஓடுபாதை, மலையோரக் காற்று, ஒரே நாளில் நான்கைந்து முறை ஏறி இறங்கும் வேலை. ஜெட் விமானி ஒருமுறை ஏறி நான்கு மணி நேரம் பறந்து ஒருமுறை இறங்குவான். இவனோ டவுன் பஸ் டிரைவர் மாதிரி. ஸ்டாப்புக்கு ஸ்டாப் வேலை!

வாசலுக்கு வருமுன்னே

விமான நிறுவனத்தின் வாசலை மிதிப்பதற்கு முன் கையில் வேண்டியது வணிக விமானி உரிமம். அதற்கு வயது பதினெட்டு ஆகியிருக்கவேண்டும். முதல் வகுப்பு மருத்துவத் தகுதி வேண்டும். வானிலை, வழியறிதல், விமானச் சட்டம், இயந்திரநூல் ஆகிய தேர்வுகளில் நூற்றுக்கு எழுபது வாங்கவேண்டும். ரேடியோவில் பேசுவதற்குத் தனி உரிமம். எல்லாவற்றுக்கும் மேலாக 200 மணி நேரம் பறந்திருக்கவேண்டும்.

இந்த 200 மணி நேரத்துக்கு விலை என்ன? நாற்பது லட்சம், ஐம்பது லட்சம்! குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சியையும் சேர்த்து நிறுவனங்கள் நடத்தும் சில திட்டங்களில் செலவு ஒரு கோடியைத் தொடுகிறது, தாண்டவும் செய்கிறது. நூற்பாலைத் தொழிலாளி தன் ஆயுளெல்லாம் உழைத்தாலும் ஒருசேரக் கண்ணால் காணாத தொகை. திறமை தேர்வு எழுதுகிறது. பணம்தான் சீட்டு வாங்குகிறது! உத்தரப்பிரதேசத்தில் பர்சத்கஞ்சில் சர்க்கார் நடத்தும் இந்திரா காந்தி தேசியப் பறத்தல் கழகம் 1980-களில் தொடங்கப்பட்டது. அங்கேயும் கட்டணம் ஏழைக்கு எட்டாத உயரந்தான்.

பறக்கும் பயிற்சி விளையாட்டும் அல்ல. 2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய ஒரு பயிற்சி விமானம் நடுவானில் கோளாறாகி, திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையிலேயே இறங்கியது. லாரி போகிற ரோட்டில் விமானம்! நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. பதற்றத்திலும் கை நடுங்காமல் இறக்கிய அந்தத் திறமைக்குப் பெயர்தான் பயிற்சி.

வாசலுக்குள் நுழைந்த பிறகு

சரி, உரிமம் கிடைத்தது. தேர்வும் நேர்காணலும் முடிந்து வேலையும் கிடைத்தது. மறுநாளே விமானத்தில் ஏற்றிவிடுவார்களா? மாட்டார்கள். மாதக்கணக்கில் பயிற்சி இருக்கிறது. அதன் படிகளைச் சொல்கிறோம். வீட்டில் பிள்ளை இருக்கிறவர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

முதற்படி வகுப்பறை. நிறுவனத்தின் விதிகள், ஆபத்தான சரக்குகளை அடையாளம் காண்பது, தீயணைப்பது, தண்ணீரில் இறங்கினால் பயணிகளை வெளியேற்றுவது எல்லாம் கற்றுத் தரப்படும். பிறகு அந்த ஒரு வகை விமானத்தின் உடற்கூறு. மின்சாரம் எங்கிருந்து எங்கே போகிறது, எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எந்த விளக்கு எரியும், விசிறியின் இலை எந்தக் கோணத்தில் திரும்பும் என்று நரம்பு நரம்பாகப் படிக்கவேண்டும். மோட்டார் மெக்கானிக் தோழருக்கு இது விளங்கும். வண்டியைத் தெரியாதவன் வண்டியை ஓட்ட முடியாது.

இரண்டாம் படி சிமுலேட்டர். உள்ளே அச்சு அசலாக விமானத்தின் முன்னறை. வெளியே பார்த்தால் இரும்புக் கால்களின் மேல் ஆடுகிற ஒரு பெட்டி. இருவர் இருவராக உள்ளே போவார்கள். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம். பாதி நேரம் ஒருவன் ஓட்ட, மற்றவன் துணை. பிறகு மாறிக்கொள்வார்கள். முன்னால் ஒரு மணி நேரம் விளக்கம், பின்னால் ஒரு மணி நேரம் அலசல். பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்துவார். எஞ்சின் செத்துப்போகும்! இன்னொன்றை அழுத்துவார். தீப்பிடிக்கும்! புகை, பனிக்கட்டி, குறுக்குக் காற்று, தெரியாத ஓடுபாதை என்று வாழ்நாளில் வராத ஆபத்தெல்லாம் ஒரே வாரத்தில் வந்து போகும். முடிவில் தேர்வாளர் வருவார். தேறினால்தான் மேற்படி.

மூன்றாம் படி, பயணிகள் இல்லாத உண்மை விமானத்தில் ஏறி இறங்கிப் பழகுவது. நான்காம் படி, பயணிகளோடு பறப்பது. பக்கத்தில் பயிற்சி தருகிற கேப்டன். தொடக்கத்தில் பின்னால் மடக்கு நாற்காலியில் இன்னொரு தகுதி பெற்ற விமானி, காப்புக்காக. பலமுறை பறந்து, கடைசிச் சோதனையிலும் தேறிய பின்தான் அவன் முழுமையான துணை விமானி.

அத்தோடு முடிந்ததா? இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் சிமுலேட்டர், மீண்டும் தேர்வு. ஓய்வு பெறும் நாள் வரைக்கும்! வேறு எந்தத் தொழிலில் தொழிலாளியை ஆண்டுக்கு இருமுறை பரீட்சைக்கு உட்கார வைக்கிறார்கள்? சட்டம் செய்கிறவர்களை இப்படிச் சோதித்தால் எத்தனை பேர் தேறுவார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்காமல் விடுகிறோம்.

கை கற்கும் பாடம்

இத்தனை சோதனை ஏன்? தைவானில் நடந்ததைப் பாருங்கள். 2015 பிப்ரவரி 4. தைப்பே நகரிலிருந்து கிளம்பிய டிரான்ஸ் ஏசியா நிறுவனத்து ஏ.டி.ஆர். விமானத்தில் வலப்பக்க எஞ்சின் சக்தி இழந்தது. ஒற்றை எஞ்சினிலேயே அந்த விமானம் பறக்கும், திரும்பி வந்து இறங்கும். அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் கேப்டனின் கை, ஓடிக்கொண்டிருந்த நல்ல எஞ்சினை நிறுத்தியது! சில நிமிடங்களில் விமானம் பாலத்தை உரசி ஆற்றில் விழுந்தது. 58 பேரில் 43 பேர் மாண்டனர். எஞ்சின் கோளாறைச் சமாளிப்பதில் அந்தக் கேப்டன் பயிற்சியிலேயே தடுமாறியவர் என்பது விசாரணையில் தெரிந்தது. தெரிந்தும் ஏன் விட்டார்கள்?

2023 ஜனவரி 15-ல் நேபாளத்துப் போகராவில் அதே ரக விமானம் விழுந்து 72 பேர் மடிந்தார்கள். ஒரு நெம்புகோலுக்குப் பதிலாகப் பக்கத்து நெம்புகோல்களை இழுத்ததால் இரண்டு விசிறிகளும் உந்துசக்தியை இழந்தன என்று விசாரணை சொல்லிற்று.

இதிலிருந்து புதிய விமானி கற்கவேண்டியது ஒன்று. அவசரம் வரும்போது கை முந்தக்கூடாது. பார், சொல், மற்றவன் சரிபார்க்கட்டும், பிறகு தொடு. இந்த நான்கும் பழக்கமாகும் வரை சிமுலேட்டரில் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிறார்கள். சலிப்புத் தட்டும். தட்டட்டும்! அந்தச் சலிப்புதான் எழுபது உயிருக்குக் காப்பு.

நாக்கு கற்கும் பாடம்

அடுத்தது இன்னும் முக்கியமானது. நம் சமுதாயத்தில் பிறந்தவனுக்கு இன்னும் கடினமானது.

2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மலை உச்சி ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் எட்டுப் பேரே பிழைத்தார்கள். கேப்டன் வழியில் நெடுநேரம் உறங்கியிருந்தார் என்பதை ஒலிப்பதிவுக் கருவியில் பதிவான குறட்டையே காட்டிக் கொடுத்தது. விமானம் வரவேண்டிய உயரத்துக்கு மேல் வந்தது. துணை விமானி, ‘இறங்காதீர்கள், மேலே ஏறிச் சுற்றி வருவோம்’ என்ற பொருளில் எச்சரித்தார். கேப்டன் கேட்கவில்லை. 158 உயிர்கள் போயின.

பெரியவர் சொன்னால் சரி, மேலே இருப்பவர் செய்தால் சரி, கீழே இருப்பவன் வாய் பொத்தி நிற்கவேண்டும் — இதுதானே நமக்கு ஊட்டி வளர்த்த பாடம்? தெருவில், பள்ளியில், பட்டறையில், பண்ணையார் வீட்டு வாசலில்! விமானத்தின் முன்னறையில் அந்தப் பாடம் ஆளைக் கொல்லும். ஆகவேதான் உலகெங்கும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சி வைத்தார்கள். இளையவன் வாய் திறக்கவேண்டும், மூத்தவன் காது கொடுக்கவேண்டும் என்பதே அதன் சாரம். 1977 மார்ச் 27-ல் டெனரிப் தீவின் ஓடுபாதையில் இரு விமானங்கள் மோதி 583 பேர் இறந்த பிறகு வலுப்பெற்ற பயிற்சி அது. அங்கேயும் கீழே இருந்தவரின் சந்தேகம் மேலே இருந்தவரின் அவசரத்தில் அமுங்கிப்போனது.

தோழர்களே, கவனியுங்கள். பகுத்தறிவு பேசியவர்கள் மேடையில் சொன்னதை — யார் சொன்னாலும் கேள்வி கேள் என்பதை — இன்று விமான நிறுவனங்கள் சம்பளம் கொடுத்துக் கற்றுத் தருகின்றன! ‘ஆமாம் சாமி’ போடுகிறவன் நல்ல விமானி ஆகமாட்டான். மரியாதை குறையாமல், ஆனால் தயங்காமல், ‘கேப்டன், இது தவறு’ என்று சொல்லத் தெரிந்தவனே விமானி.

நாக்கைப் பற்றி இன்னொன்றும் உண்டு. வானத்தில் பேச்சு பெரும்பாலும் இங்கிலீஷில். 1996 நவம்பர் 12-ல் டில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் இரு விமானங்கள் வானத்திலேயே மோதி 349 பேர் இறந்ததற்குக் காரணங்களுள் ஒன்று, ஒரு விமானத்தாருக்கு அந்த மொழி சரிவரப் புரியாதது. தமிழில் படித்த பிள்ளை இதனால் கூசவேண்டியதில்லை. வேண்டுவது ஷேக்ஸ்பியர் அல்ல. சுருக்கமாக, தெளிவாக, கேட்டதைத் திருப்பிச் சொல்லும் தொழில்மொழி. ஆறு மாதம் முயன்றால் வரும்.

உடம்பு கேட்கும் கூலி

அமெரிக்காவில் 2009 பிப்ரவரி 12. பபலோ நகருக்கு அருகே கோல்கன் என்ற வட்டார நிறுவனத்தின் விமானம் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. ஐம்பது பேர் பலி. வேகம் குறைந்து விமானம் தொங்கத் தொடங்கியபோது மூக்கைத் தாழ்த்தவேண்டும். கேப்டன் நிமிர்த்தினார். விசாரணையில் வேறொன்றும் வெளிவந்தது. துணை விமானி தாய்தந்தையர் வீட்டில் குடியிருந்த இளம்பெண். நாட்டின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிக்கு இரவெல்லாம் விமானம் மாறி வந்து, வேலைக்கு முன் ஓய்வறைச் சோபாவில் கண்ணயர்ந்தவர். வட்டார விமானியின் சொற்பச் சம்பளம் அந்நாட்டு மக்களைத் திகைக்க வைத்தது.

அதன்பின் அந்நாடு 2010-ல் சட்டம் செய்தது. 2013 முதல் துணை விமானிக்கும் 1,500 மணி நேர அனுபவம் கேட்டது. ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. விபத்தில் சிக்கிய இருவருமே 1,500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள்! மணிக்கணக்கு மட்டும் காப்பாற்றாது. தரமான பயிற்சி வேண்டும், தூக்கம் வேண்டும், வயிறு நிறையச் சம்பளம் வேண்டும். நம் நாட்டில் 200 மணி நேரத்தோடு வருகிறவனை வலப்பக்கம் உட்கார வைக்கிறோம். அப்படியானால் நிறுவனம் தரும் பயிற்சி எவ்வளவு கண்டிப்பாக இருக்கவேண்டும்!

ஓய்வின் கதை நம் நாட்டில் என்ன ஆயிற்று? விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியும், இரவில் இறக்கும் எண்ணிக்கையை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தும் 2024 ஜனவரியில் புதிய விதிகள் வந்தன. நிறுவனங்கள் முணுமுணுத்தன. விதி தள்ளிப்போயிற்று. விமானிகள் சங்கங்கள் வழக்காடின. கடைசியில் 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரு கட்டமாக நடப்புக்கு வந்தது. டிசம்பரில் என்ன நடந்தது? போதிய விமானிகளை ஏற்பாடு செய்யாத இண்டிகோ நிறுவனம் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. நிலையங்களில் மக்கள் தரையில் படுத்தார்கள். சர்க்கார் என்ன செய்தது? நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்குத் தந்தது!

பழனி மலைக்கு வருவோம். 1966-லிருந்து இங்கே விஞ்ச் ஓடுகிறது. 2004-லிருந்து ரோப் கார் ஓடுகிறது. அந்த ரோப் காரை நாள்தோறும் சிறிது நேரம் நிறுத்திச் சோதிக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள் நிறுத்துகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வாரக்கணக்கில் நிறுத்திக் கம்பியையும் உருளையையும் கழற்றிப் பார்க்கிறார்கள். கூட்டம் காத்து நிற்கிறதே என்று யாரும் அதைத் தவறு சொல்வதில்லை. இரும்புக்கு ஓய்வு நியாயம். எலும்புக்கு ஓய்வு அநியாயமா?

கையெழுத்துக்கு முன் படி

புதிய விமானிக்குச் சில சொற்கள். பயிற்சிச் செலவு யாருடையது, வேலையை விட்டால் எவ்வளவு கட்டவேண்டும், பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டா — ஒப்பந்தப் பத்திரத்தில் வரிக்கு வரி படி. 2017-ல் வந்த விதிப்படி, துணை விமானி வேலையை விட ஆறு மாதமும், கேப்டன் ஓராண்டும் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்றார்கள். தொழிலாளி விலக ஓராண்டு. நிறுவனம் மூடிக்கொள்ள எத்தனை நாள்? கிங்பிஷர் 2012 அக்டோபரிலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும் சம்பளப் பாக்கியோடு நின்றன. நம் பக்கத்து மதுரைத் தொழில் குழுமம் 2005-ல் தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேசும் 2010-ல் அடங்கிற்று. கடன் வாங்கிப் படித்தவன் கதி?

குடியைத் தொடாதே. பறப்பதற்கு முன் வாயை ஊதிக் காட்டவேண்டும். மணம் அடித்தால் முதல் தடவைக்கே மூன்று மாதம் வேலை இல்லை. வாய் கொப்பளிக்கும் மருந்தில்கூட ஆல்கஹால் இருக்கிறதா என்று பார். பத்தாயிரம் அடிக்குக் கீழே வீண்பேச்சு வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று சொல். சோர்வாக இருந்தால் மறைக்காதே. சங்கத்தில் சேர். தங்கப் பட்டை வைத்த சட்டை, நீ தொழிலாளி என்பதை மறக்கச் செய்துவிட வேண்டாம்.

நாம் கேட்பது என்ன? ஏழைப் பிள்ளைக்குக் கட்டணமில்லாப் பறத்தற் பள்ளி நம் மாநிலத்தில் வேண்டும். விமான வகைப் பயிற்சியின் செலவை, அந்த உழைப்பால் லாபம் காணும் நிறுவனமே ஏற்கவேண்டும். டிரைவரிடம் பஸ்ஸின் விலையைக் கேட்கும் முதலாளி உண்டா? ஓய்வு விதிக்கு விலக்கு என்ற பேச்சே கூடாது.

1953-ல் எட்டு நிறுவனங்களை இணைத்து உள்நாட்டு விமானத் தொழிலைப் பொதுச் சொத்தாக்கிய நாடு இது. 2022-ல் ஏர் இந்தியாவைத் திரும்பவும் தனியாருக்குக் கொடுத்ததும் இந்த நாடே. விமானம் யார் கையில் இருந்தாலும், அதன் நெம்புகோல் ஒரு தொழிலாளியின் கையில்தான் இருக்கிறது. அந்தக் கைக்குப் பயிற்சியும், அந்த நாக்குக்கு உரிமையும், அந்த உடம்புக்கு உறக்கமும் கொடுத்தால்தான் மேலே இருப்பவர்களும் பத்திரம், கீழே இருக்கும் நாமும் பத்திரம்!